வளையத்தில் பட்டுத் தெறித்த பந்து

அன்புள்ள மச்சான்,

பினாங்கில் எல்லாரும் சுகம்தானே? அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா? இங்கே நாங்கள் நலம்.

சிரிக்காதே. இந்த வயதில் நான் கைப்பேசியில் கூடைப்பந்து ஆடுகிறேன். சின்னவன் இறக்கி வைத்த விளையாட்டு. விரலால் பந்தை மேலே தள்ள வேண்டும். விழுந்தால் ஒரு புள்ளி, தவறினால் பழையபடி பூஜ்யம். அவ்வளவுதான். செந்தூலில் கொமுட்டர் ரயில் ஏறும்போது ஆரம்பிப்பேன், கேஎல் சென்ட்ரல் வந்ததே தெரியாது. போன செவ்வாய்க்கிழமை மிட்வேலி வரை போய்த் திரும்பி வந்தேன். வேலைக்குத் தாமதம். காரணத்தை யாரிடம் சொல்ல?

2016-இல் ஃபேஸ்புக் மெசஞ்சரில் நாம் ஆடினோமே, ஞாபகம் இருக்கிறதா? கூடைப்பந்துப் படத்தை அனுப்பி அதைத் தட்டினால் ஆட்டம் திறக்கும். 10 பந்து விழுந்ததும் வளையம் இடமும் வலமுமாக நகரத் தொடங்கும். நீ என்னைவிட இரண்டு புள்ளி அதிகம் எடுத்துவிட்டு ஒரு மாதம் அதையே பேசினாய்.

அப்புறம், நாலாம் படிவத்தில் சீன நண்பர்களோடு ஆட ஆள் குறைந்தால் நம்மைக் கூப்பிடுவார்கள் அல்லவா? நான் போட்ட பந்தெல்லாம் வளையத்தில் பட்டுத் தெறிக்கும். குள்ளம் என்பதால்தான் விழவில்லை என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். இந்த விளையாட்டிலும் அதே கதை. கல்லெறிவது போல நேராகத் தள்ளினால் தெறிக்கிறது. உயரத் தூக்கிவிட்டால் சொத்தென்று உள்ளே விழுகிறது.

சின்னவன் ஒரு தாளில் வரைந்து காட்டினான். வளையத்தின் விட்டம் 18 அங்குலம், பந்து ஏறக்குறைய ஒன்பதரை. பந்து செங்குத்தாக இறங்கினால் 18 அங்குலமும் அதற்குத் திறந்திருக்கும். தரைமட்டத்திலிருந்து 45 பாகையில் சாய்ந்து வந்தால் பந்தின் கண்ணுக்குப் பன்னிரண்டே முக்கால் அங்குலம்தான். 30 பாகை என்றால் வெறும் 9. உரசாமல் நுழையவே முடியாது! இதைத்தான் அந்தக் காலத்தில் கணக்கு வாத்தியார் சைன் சைன் என்று கத்திக்கொண்டிருந்தார். வளையத்தைக் காட்டிச் சொல்லியிருந்தால் எனக்கு அன்றைக்கே புரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஃபிளாட் திடலில் நிஜப் பந்தோடு இறங்கினேன். விரல் நுனிக்குத் தெரிந்தது தோளுக்குத் தெரியவில்லை. 10 அடி உயரம் என்பது கீழே நின்று பார்த்தால்தான் புரிகிறது. 20 பந்தில் 3 விழுந்தது. இரவெல்லாம் வீடு முழுக்கக் கோடாலித் தைல வாசம். வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தாலே பரவாயில்லை.

ரிக் பேரி என்று ஓர் அமெரிக்க ஆட்டக்காரர். ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காமல் நின்று போடும் தண்டப் பந்து, கிடைத்தால் இரண்டு கையாலும் பந்தைத் தொடைப் பக்கமிருந்து மேலே வீசுவார். பாட்டி வீச்சு என்று கேலி செய்வார்கள். ஆனால் என்பிஏ என்கிற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டிகளில் அவர் போட்டது 100-க்கு 89-க்கு மேல். என் தோளுக்கு இனி அதுதான் சரி.

தீபாவளிக்கு அங்கே வருகிறேன். நம் பள்ளித் திடலில் வளையம் இன்னும் இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்து வை. கைப்பேசியில் என் உச்சம் 41. நம்பமாட்டாய் என்று தெரியும், படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

உன்
குள்ளன்