கோர்ட்டை விட்டுப் போற வக்கீல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஒரு லா ஃபர்ம்ல இருந்து ஆறு வருஷம் சென்னை ஐகோர்ட்ல கேஸ் நடத்துன என் தங்கச்சி போன மாசம் ஒரு கம்பெனியில லீகல் மேனேஜரா சேர்ந்துட்டா, மாசச் சம்பளம், பிஎஃப், ராத்திரி உக்காந்து காஸ் லிஸ்ட் (மறுநாள் கோர்ட்ல வர்ற கேஸ்களோட பட்டியல்) பாக்குற டென்ஷன் இல்ல, சந்தோஷம்தான். ஆனா வக்கீல்களுக்கு விதிமுறை போடுற பார் கவுன்சிலோட விதி 49 படி முழுநேர சம்பள வேலைக்குப் போனா பிராக்டிஸ் பண்ணக் கூடாதே. அவ கோர்ட்டுக்குக் கட்டிட்டுப் போற வெள்ளைக் கழுத்துப் பட்டையைத் துவைச்சு மடிச்சு பீரோவுல வச்சதைப் பாத்தப்ப எனக்கே தொண்டை அடைச்சிடுச்சு. இப்படி வக்கீல்கள் கோர்ட்டை விட்டுப் போகாம இருக்கணும்னா கையில காசு வரணும். சீனியர் வக்கீல்கள் தங்ககிட்ட வேலை பாக்குற ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில மாசம் 20,000, மத்த மாவட்டங்கள்ல 15,000 ரூபாயாவது குடுக்கணும்னு 2024லயே ஐகோர்ட் சொல்லியாச்சு, அதை எத்தனை சீனியர் குடுக்குறாங்கன்னு பார் கவுன்சில் நேர்ல விசாரிக்கணும்.

- ஒரு வாசகி, பெரம்பூர்