பழைய டிஎல்எல்லும் ஒரு ரீபூட்டும்

அன்புள்ள முரளி,

உன் கடிதத்துக்குப் பதில் போட மூன்று வாரம் ஆகிவிட்டது, திட்டாதே. கண்புரை அறுவை. வலது கண் முடிந்தது, இடது பாக்கி. திரையில் எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. இத்தனை நாள் கமாவையும் புள்ளியையும் குத்துமதிப்பாகத்தான் படித்திருக்கிறேன் போல.

சரி, உன் இன்ஸ்டாலருக்கு வருகிறேன். பயன்பாட்டில் இருக்கிற பழைய ஃபைலைப் புதியதால் மாற்றுவது எப்படி என்று கேட்டிருந்தாயே. "எல்லாப் புரோகிராம்களையும் மூடிவிட்டுத் தொடரவும்" என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறாயே, அதை முதலில் தூக்கு. உன்னுடையது வலது கிளிக் மெனுவில் வருகிற டிஎல்எல், அதாவது மற்ற புரோகிராம்கள் தமக்குள் ஏற்றிக்கொள்கிற நிரல் ஃபைல். அதை விண்டோஸில் ஃபோல்டர்களைக் காட்டும் எக்ஸ்ப்ளோரரே ஏற்றி வைத்திருக்கும்; ஃபைல் ஓப்பன் பெட்டியைத் திறந்த மற்ற புரோகிராம்களும் ஏற்றியிருக்கலாம். பயனர் பாவம், எதையென்று மூடுவார்? டாஸ்க்லிஸ்ட் கட்டளையோடு எம் ஸ்விட்சும் டிஎல்எல் பெயரும் கொடுத்துப் பார், யார் யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வரும். நான் பார்த்தபோது நோட்பேட்கூட அதில் இருந்தது.

ஏற்றிய டிஎல்எல்லின் மேல் எழுத விண்டோஸ் விடாது, அழிக்கவும் விடாது. ஆனால் அதே டிரைவுக்குள் பெயர் மாற்ற விடும். வேடிக்கைதான், ஆனால் நம் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது. பழையதை வேறு பெயருக்குத் தள்ளிவிட்டுப் புதியதை அந்த இடத்தில் வை. ஓடிக்கொண்டிருப்பவை பழையதோடு ஓடட்டும், இனி திறப்பவை புதியதை எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் எம்வி (இடம் மாற்றும் கட்டளை) போட்டால் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். அங்கே சிபி (நகலெடுக்கும் கட்டளை) போட்டு நேராக மேலெழுதி, ஓடுகிற சர்வரைக் கவிழ்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா?

தள்ளிவைத்த பழையதை அழிக்க மூவ்ஃபைல்எக்ஸ் என்ற விண்டோஸ் ஃபங்ஷன் இருக்கிறது, ரீபூட் வரை தள்ளிப்போடும் கொடியோடு. அது விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் செஷன் மேனேஜரின் கீழ் பெண்டிங்ஃபைல்ரீநேம்ஆபரேஷன்ஸ் என்ற இடத்தில் ஜோடி ஜோடியாக வரிகள் எழுதி வைக்கும். முதல் வரி எந்த ஃபைல், அடுத்த வரி எங்கே போக வேண்டும். அடுத்த வரி காலியாக இருந்தால் அழி என்று அர்த்தம். அங்கே எழுத அட்மின் உரிமை வேண்டும், மறக்காதே.

நான் மாட்டியதும் இந்த வரிகளில்தான். இன்ஸ்டாலர் தயாரிக்கிற என்எஸ்ஐஎஸ் கருவியின் ஸ்கிரிப்டில் புதிய டிஎல்எல்லை பிளகின்ஸ்டிர் என்ற தற்காலிக ஃபோல்டரில் விரித்தேன். பழையதற்கு டெலீட், புதியதற்கு ரீநேம், இரண்டுக்கும் ரீபூட்ஓகே, அதாவது இப்போது முடியாவிட்டால் ரீபூட்டில் செய். ரெஜிஸ்ட்ரியில் வரிகள் அச்சு அசலாக இருந்தன. ஆனால் இன்ஸ்டாலர் முடிந்ததும் அந்த ஃபோல்டரை அதுவே துடைத்துவிடும்டா! ரீபூட்டில் பழையது அழிந்தது. புதியது வந்து சேரவேயில்லை. என் சோதனை இயந்திரத்தில் டிஎல்எல் உள்ளே பிடிபட்டிருக்கவில்லை, அதனால் எல்லாம் அப்போதே முடிந்து பச்சை காட்டியது. வாடிக்கையாளரிடம் போனதும்தான் தெரிந்தது. இப்போதெல்லாம் தற்காலிகப் பெயரில் புரோகிராம் நிறுவப்படும் இன்ஸ்ட்டிர் ஃபோல்டரிலேயே விரிக்கிறேன். அங்கே யாரும் துடைக்க மாட்டார்கள், டிரைவும் மாறாது.

இன்னோ செட்டப் என்ற வேறு இன்ஸ்டாலர் கருவி என்றால் ரீஸ்டார்ட்ரீப்ளேஸ் கொடி ஒன்றே போதும், இந்தக் கூத்து வேண்டாம். விஸ்டாவிலிருந்து ரீஸ்டார்ட் மேனேஜரும் இருக்கிறது, பிடித்து வைத்திருக்கிற புரோகிராம்களை மூடித் திரும்பத் திறக்கும். ஆனால் பயனர் சேமிக்காத வேலையோடு இருக்கும்போது எக்ஸ்ப்ளோரரையெல்லாம் மூடுவது எனக்குப் பிடிக்காது. மரியாதையாக ரீபூட் கேட்டுவிடலாம். அப்புறம், மாற்றுவதற்கு முன் பதிப்பு எண்ணை ஒப்பிடு. வேறொரு புரோகிராம் புதியதை வைத்திருந்து, நீ பழையதை அதன் மேல் போட்டால் சாபம் உனக்கு வரும்.

ஸ்கிரிப்டை அனுப்பு. இடது கண் 20-ம் தேதி, அதற்குள் வந்தால் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
சங்கர்