பருத்திமாரை வயலில் விட்டுவைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பருத்தியைத் தாக்கும் பூச்சிகள் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எந்தப் பூச்சிக்கு எந்த மருந்தை எவ்வளவு தெளிப்பது என்பதை விரிவாகச் சொன்ன அக்கட்டுரை, இளஞ்சிவப்புக் காய்ப்புழுவிடம் மருந்து ஏன் பெரும்பாலும் தோற்றுப்போகிறது என்பதைச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமளிக்கிறது.

முட்டையிலிருந்து வெளிவரும் இப்புழு ஓரிரு நாளுக்குள் மொட்டையோ இளங்காயையோ துளைத்து உள்ளே புகுந்துவிடுகிறது. காய் வளர வளர அந்தத் துளையும் மூடிக்கொள்வதால், பச்சைப்பசேல் என்று நிற்கும் காய்க்குள் விதை தின்னப்படுவதைப் பிளந்து பார்த்தாலன்றி அறிய முடியாது. தெளிக்கும் மருந்தும் அங்கே எட்டாது. புழு புகுந்ததால் இதழ் விரியாமல் ரோஜா மொட்டுப் போலக் குவிந்து நிற்கும் பூக்களைப் பார்த்தவுடன் பறித்து அழிப்பது நல்லது. இப்புழு வளர்ந்து உருவாகும் அந்துப்பூச்சிகளில் ஆண்களைப் பெண்ணின் மணத்தால் ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறிகளை ஹெக்டேருக்கு 5 வைத்து, பொறி ஒன்றில் நாளுக்கு 8 அந்துப்பூச்சிகள் வீதம் தொடர்ந்து 3 நாள் விழுந்தால் மட்டும் தெளிப்பைப் பற்றி யோசிக்கலாம்.

இவற்றையெல்லாம் விட முதன்மையானது, பயிரை உரிய காலத்தில் முடிப்பது. பருவக் கடைசியில் புழுக்கள் ஒட்டிக்கொண்ட இரட்டை விதைகளுக்குள்ளும், செடியில் தங்கிவிட்ட வெடிக்காத காய்களிலும் உறக்கநிலையில் கிடந்து அடுத்த பயிருக்குக் காத்திருக்கின்றன. இன்னும் ஒரு பஞ்சு எடுப்பு கிடைக்குமே என்று செடியை நீரூற்றி நீட்டிப்பவர், தம் வயலுக்கு மட்டுமன்றி அக்கம்பக்கத்து வயல்களுக்கும் புழுவை வளர்த்துக் கொடுக்கிறார். அமெரிக்கா 2018-இல் இப்புழுவைத் தன் பருத்தி நிலங்களிலிருந்து ஒழித்துவிட்டதாக அறிவித்தது. பி.டி. பருத்தி (புழுவைக் கொல்லும் நச்சைத் தானே உருவாக்கும் மரபணு மாற்றப் பருத்தி), மலட்டு அந்துப்பூச்சிகளைப் பறக்கவிடுதல் ஆகியவற்றோடு, அறுவடை முடிந்ததும் பருத்திமாரை, அதாவது வயலில் எஞ்சி நிற்கும் பருத்திச் செடிகளை, அழிப்பதும் அத்திட்டத்தில் இருந்தது.

சாறு உறிஞ்சும் பூச்சிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தத்துப்பூச்சியையும் அசுவினியையும் கண்ட உடனே செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை அடித்தால், அவற்றைத் தின்னும் பொறிவண்டும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் மடிந்து, பின்னால் வெள்ளை ஈ பெருகிவிடும். தொடக்கத்தில் 5 விழுக்காடு வேப்பங்கொட்டைச் சாறு போதுமானதாக இருக்கக்கூடும்.

கடைசி எடுப்புக்குப் பின் செடிகளை அகற்றுவது பற்றி, பருத்தி அந்த எடுப்பை எட்டும் முன்பே தங்கள் இதழ் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பருத்தி பயிரிடும் வாசகர் ஒருவர்