வளர்ந்தவர்களுக்கும் ஒரு முதல் மணித்தியாலம் வேண்டும்

கொழும்பு டென்னிஸ் கழகங்களின் நிர்வாகக் குழுவினருக்கும் அங்கத்துவச் செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

முப்பது, நாற்பது, ஐம்பது வயதில் முதன்முறையாக ரக்கெட்டைக் கையில் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கொட்டாஞ்சேனையிலும் அப்படியானவர்களை எனக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருத்தி. எங்களுக்காக வாரத்தில் ஒரு மணித்தியாலம், ஒரு கோர்ட் ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களில் பலர் படித்த பள்ளிக்கூடங்களில் டென்னிஸ் கோர்ட் இருக்கவில்லை. பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து, பொடியன்களுக்குக் கிரிக்கெட், எல்லாருக்கும் கரப்பந்தும் எல்லேயும். டென்னிஸைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்து வளர்ந்தோம். படிப்பு, வேலை, பிள்ளைகள் என்று ஓடி, கையில் கொஞ்ச நேரமும் காசும் மிஞ்சுகிற வயதில்தான் அந்த ஆசையை எடுத்துப் பார்க்க முடிகிறது. அப்போது கழக வாசலுக்கு வருகிறோம்.

முதலில் வருவது விண்ணப்பப் படிவம். பிரேரிப்பவர் ஒருவர், ஆமோதிப்பவர் ஒருவர், இருவரும் அங்கத்தவர்களாக இருக்க வேண்டும் என்று பல கழகங்கள் கேட்கின்றன. தகப்பனோ மாமாவோ அங்கத்தவராக இருந்தால் அது ஒரு கையெழுத்து. அப்படி ஒருவரும் இல்லாத குடும்பத்திலிருந்து வருகிறவர் யாரிடம் போய்க் கேட்பார்? கழகத்துக்குள் ஆட்களைத் தெரிந்துகொள்ளத்தானே அவர் சேரவே வருகிறார். முழு அங்கத்துவத்துக்கு அந்த விதி இருக்கட்டும். ஆறு மாதத் தற்காலிக அங்கத்துவம் ஒன்றைக் கையெழுத்துக் கேட்காமல் கொடுங்கள். அந்த ஆறு மாதத்தில் நீங்களும் அவரைப் பார்ப்பீர்கள், அவரும் உங்களை அறிந்துகொள்வார். நுழைவுக் கட்டணம் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் படிவத்தை விடப் பெரிய தடை உள்ளே இருக்கிறது. நான் அதிகம் சொல்ல விரும்புவது அதைப் பற்றித்தான்.

பயிற்றுவிப்பாளர் கூடையிலிருந்து பந்தை எடுத்துப் போடுவார், நாங்கள் அடிப்போம். நேரம் முடிந்ததும் அவர் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். அதன் பிறகு ஆடுவதற்கு இன்னொரு மனிதர் வேண்டும். நான் சேர்ந்த கழகத்தில் மாலை ஐந்தரைக்குப் பிறகு எல்லாக் கோர்ட்டும் இரட்டையர் ஆட்டத்துக்குப் போய்விடும். நாலு நாலு பேராக, ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து ஆடுகிறவர்கள். "இந்த செட் முடியட்டும், பார்ப்பம்" என்பார்கள். செட் முடியும்போது இருட்டியிருக்கும், அல்லது மழை வந்திருக்கும். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வேலை முடிந்து வந்து கிடைக்கிற ஒன்றரை மணித்தியாலத்தை, பந்தைத் திருப்பி அனுப்பத் தெரியாத ஒருத்தியோடு செலவழிக்கும்படி யாரையும் வற்புறுத்த முடியாது. ஒவ்வொருவருடைய தயவிலும் இதை விட்டுவிட்டால் இப்படித்தான் நடக்கும் என்பதால்தான், தனி அங்கத்தவர்களிடம் கேட்காமல் குழுக்களிடம் கேட்கிறேன்.

மார்க்கர்களோடு, அதாவது அங்கத்தவர்களோடு ஆடுவதற்கென்று கழகம் வைத்திருக்கிற ஆட்டக்காரர்களோடு, ஆடலாமே என்று சொல்வீர்கள். ஆடினேன். கழகங்களில் இருக்கிற மார்க்கர்கள் அருமையான ஆட்டக்காரர்கள். எந்தப் பந்தையும் எங்கள் கைக்கு வாகாகக் கொண்டுவந்து தருவார்கள். அந்தத் தொழிலுக்கு நல்ல ஊதியம் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறவள் நான். ஆனாலும் மார்க்கரோடு ஆடுவது பயிற்சிதான். என்னைப் போலவே தடுமாறுகிற ஒருவரோடு பதினைந்து, முப்பது, நாற்பது என்று புள்ளி எண்ணி ஆடி, ஒரு கேமைத் தோற்று, அடுத்ததை வெல்லும்போதுதான் விளையாட்டு தொடங்குகிறது.

வழி இருக்கிறது, செலவும் குறைவு. சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் 2007இல் புதியவர்களுக்கான ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முதல் நாளிலேயே சேர்வ் போடவும், பந்தை மாறி மாறி அடிக்கவும், புள்ளி எண்ணவும் வேண்டும் என்பதே அதன் சாரம். அதற்காக மூன்று வகைப் பந்துகள்: சிவப்பு, வழமையான மஞ்சள் பந்தைவிடச் சுமார் 75 சதவீதம் மெதுவானது, செம்மஞ்சள் 50 சதவீதம், பச்சை 25 சதவீதம். 2012 முதல் பத்து வயதும் அதற்குக் குறைந்தவர்களுமான பிள்ளைகளின் போட்டிகளுக்கு இந்த மெதுவான பந்துகள் கட்டாயமாக்கப்பட்டன. பெரியவர்களுக்கும் அதே பந்து அதே நன்மையைச் செய்யும். மஞ்சள் பந்து எழும்பித் தோளுக்கு மேலே போகும்போது, புதிதாகப் பழகுகிறவருக்கு எந்த அடியையும் அடிக்க நேரம் இருப்பதில்லை. மணித்தியாலத்தின் பாதி பந்து பொறுக்குவதில் போய்விடும். செம்மஞ்சள் பந்து இடுப்பளவில் வந்து காத்திருக்கும்.

முழுக் கோர்ட்டும் தேவையில்லை. வலையிலிருந்து சேர்விஸ் கோடு 6.40 மீற்றர். இருபக்கமும் அந்தக் கோடு வரைக்கும் வைத்துக்கொண்டால், நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சோடி, அந்தப் பக்கம் ஒரு சோடி. ஒரே கோர்ட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் அடிக்கலாம். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறினால் எட்டுப் பேருக்குப் போதும். நாங்கள் சில பெண்கள் சேர்ந்து, வாடகைக்கு எடுத்த ஒரு கோர்ட்டில் இப்படி ஆடிப் பார்த்தோம். முதல் மாலையிலேயே பத்துப் பன்னிரண்டு அடிகள் தொடர்ந்து போய்வந்தன. சிரிப்பும் கூச்சலும் பக்கத்துக் கோர்ட்டு வரைக்கும் கேட்டிருக்கும். அதுவரை தனியாகப் பாடம் எடுத்து, அலுத்து, விட்டுவிட இருந்த ஒரு அக்கா அன்றிலிருந்து தவறாமல் வருகிறா.

இதை உடல்நலத்தின் கண்ணாலும் பாருங்கள். கோப்பன்ஹேகனில் 8,500க்கும் மேற்பட்டவர்களை ஏறத்தாழ 25 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. உடற்பயிற்சி இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், டென்னிஸ் ஆடியவர்கள் சராசரியாக 9.7 ஆண்டுகளும், பட்மின்டன் ஆடியவர்கள் 6.2 ஆண்டுகளும், மெல்லோட்டம் ஓடியவர்கள் 3.2 ஆண்டுகளும் கூடுதலாக வாழ்ந்ததாக அது கணக்கிட்டது. அவதானிப்பு ஆய்வு என்பதால், டென்னிஸ்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. வசதியுள்ளவர்கள்தான் அதிகம் டென்னிஸ் ஆடுகிறார்கள் என்பதும் அதற்குள் இருக்கலாம். ஆனால் மற்றவர்களோடு கூடி ஆடுவதற்கு இதில் பங்கு இருக்கலாம் என்று ஆய்வாளர்களே கருதினார்கள். மரைன் டிரைவில் மாலையில் தனித்தனியாக நடக்கிற எங்கள் ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆய்வு ஞாபகம் வருகிறது.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். வார நாட்களின் மாலையை நாங்கள் கேட்கவில்லை. போயா விடுமுறைக் காலைகள் இருக்கின்றன. ஞாயிறு பிற்பகல் மூன்றரை மணிக்கு, வெயிலுக்குப் பயந்து எல்லாரும் வீட்டில் இருக்கிற நேரம் இருக்கிறது. தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவோம்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். 2022இல் ரூபாய் விழுந்ததற்குப் பிறகு, இறக்குமதியாகும் ரக்கெட்டின் விலை, தொடர்ந்து ஆடுவோமா என்று தெரியாத ஒருவர் கொடுக்கக்கூடிய விலையாக இல்லை. அங்கத்தவர்களின் அலுமாரிகளில் பழைய ரக்கெட்டுகள் கிடக்கும். கேட்டுச் சேர்த்து, நரம்பு மாற்றி, இரவல் கொடுக்க ஆறு வைத்திருங்கள். மற்றது உடை. முழுக்கையும் நீளக் காற்சட்டையும் போட்டு ஆடலாமா, தலையை மூடிக்கொண்டு ஆடலாமா என்று கேட்கக் கூச்சப்பட்டே வராமல் நிற்கிற பெண்கள் இருக்கிறார்கள். ஆடலாம் என்றால் அதை அறிவித்தலில் எழுதிவிடுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள்.

மூன்று மாதம் பரீட்சார்த்தமாக நடத்திப் பாருங்கள். பெயர் பதிவதற்கும், சோடி பிரிப்பதற்கும், முடிந்ததும் பந்துகளைப் பொறுக்கிக் கோர்ட்டைக் கூட்டுவதற்கும் நாங்களே ஆள் தருகிறோம். உங்கள் ஊழியர்களுக்கு மேலதிக வேலை வைக்க மாட்டோம். அடுத்த குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்தால், நேரில் வந்து விளக்கவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து டென்னிஸ் பழகும் ஒருத்தி