மேகத்தைப் பார்த்து நிலநடுக்கம் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 மார்ச் 28-இல் இங்கே பர்மாவில் மாண்டலே, சகாயிங் பக்கம் 7.7 அளவில் நிலம் நடுங்கியதிலிருந்து, வானத்தில் நீளமாக ஒரு மேகம் தெரிந்தால் போதும், "இன்று ராத்திரி வீட்டுக்குள் படுக்காதீர்கள்" என்று ரங்கூன் வரைக்கும் செய்தி பறக்கிறது. சென்ற இதழில் வாசகர் ஒருவர், "அறிவியலை நம்புங்கள்" என்று ஒரே வரியில் இதற்குப் பதில் எழுதியிருந்தார். அது போதாது. பயந்துபோயிருக்கும் பாட்டியிடம் இதை நம்பாதே, அதை நம்பு என்றால் என்ன பயன்? எப்படி ஆராய்வது என்று சொல்லித்தர வேண்டும். அதற்கான வழி மணிமேகலையிலேயே இருக்கிறது.

29-ஆம் காதையில், காஞ்சியில், பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு அனுமானத்தின், அதாவது தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அறிவதன், ஐந்து உறுப்புகளைச் சொல்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. இந்த மலையிலும் புகை இருக்கிறது என்பது உபநயம். ஆகவே நெருப்பு உண்டு என்பது நிகமனம். அதோடு விடவில்லை, இவை எங்கெங்கே பிசகும் என்று போலிகளையும் வரிசையாகச் சொல்கிறார். தெரிவது ஆவியா, பனியா, புகையா என்ற சந்தேகம் தீராமலே நெருப்பு உண்டென்று முடிவுகட்டுவது அவற்றில் ஒன்று. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

மேகச் செய்தியை இதில் வைத்துப் பாருங்கள். பக்கம், இன்று நிலம் நடுங்கும். ஏது, நீள மேகம். திட்டாந்தம், மார்ச் 28 அன்றும் இப்படித்தான் இருந்ததாம். சரி, இருந்ததாகவே வைத்துக்கொள்வோம். அதே மேகம் வந்தும் ஒன்றும் நடக்காத நாட்கள் எத்தனை? நடுக்கம் உள்ள நாளிலும் இல்லாத நாளிலும் ஒன்றுபோல வருகிற ஏதுவை அநைகாந்திகம் என்று தள்ளிவிடுகிறது காப்பியம்.

பெகு நகரில் வீடுகளை உறுதியாகக் கட்டுங்கள் என்பவர்களின் ஏது வேறு மாதிரி. நிலத்தடிப் பாறைகள் ஒன்றையொன்று உரசி நகரும் சகாயிங் நிலப்பிளவு பெகுவை ஒட்டியும் போகிறது. 1930 மே 5-இல் வந்த நடுக்கத்தில் அங்கே ஷ்வேமாடோ பகோடாவே சரிந்தது. அடுத்தது என்றைக்கு என்று அவர்கள் தேதி சொல்வதில்லை. ஏது எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம்தான் முடிவும் போகிறது.

நம் தமிழ் வகுப்புகளில் அமுதசுரபியோடு மணிமேகலை முடிந்துவிடுகிறது. பெரிய பிள்ளைகளுக்காவது இந்தக் காதையை எளிய உரைநடையில் சொல்லிக்கொடுக்க வேண்டும். உங்கள் மாணவர் பக்கத்தில் இதைத் தொடராக வெளியிட்டால், வகுப்பில் வாசிக்கவைக்கும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.

அன்புடன்,
தமிழ் வகுப்பு ஆசிரியை ஒருவர்,
மோல்மேன், பர்மா