என் திட்டத்தைக் கெடுத்த எல்லோருக்கும்

அன்புள்ளவர்களே,

வணக்கம். நம் பள்ளியின் ஆலோசகர் அறை தயாராகிவிட்டது. கடைசியாகத் திரைச்சீலையையும் நேற்று மாட்டியாகிவிட்டது. நாடா வெட்டுவது, கைதட்டுவது எல்லாம் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டதால் உங்களுக்கு நன்றி சொல்ல மேடை இல்லாமல் போனது. அதனால் இந்த மடல். ஒரு பிரதி ஆசிரியர் ஓய்வறைப் பலகையில் இருக்கும், இன்னொன்று பெற்றோர் குழுவுக்கு வரும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் நான்கு பக்கத் திட்டம் ஒன்று இருந்தது, வண்ணப் பென்சிலில் வரைந்தது. மஞ்சள் சுவர்கள், சுவர் நிறையச் சிரிக்கும் மிருகங்கள், ஆளுயரக் கரடி பொம்மை, வாசனை மெழுகுவத்தி, நல்ல வார்த்தைகள் எழுதிய பன்னிரண்டு சுவரொட்டிகள். தொடக்கப் பள்ளியில் ஆலோசகர் அறை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று படங்களைப் பார்த்துப் பார்த்து முடிவு செய்திருந்தேன். அந்த நான்கு பக்கத்தில் இன்று ஒரு பக்கம்கூட மிஞ்சவில்லை. கெடுத்தவர்கள் நீங்கள். ஒவ்வொருவராகச் சொல்கிறேன்.

தொடங்கி வைத்தவர் அலுவலக எழுத்தர் ஐயா. முதலில் எனக்கு ஒதுக்கியது தலைமை ஆசிரியர் அம்மாவின் அறைக்குப் பக்கத்து அறை. பெரியது, இரண்டு ஜன்னல். நான் குதிக்காத குறைதான். ஐயா கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "அந்தப் பக்கம் ஒரு புள்ள நடந்து போனாலே, என்னமோ தப்பு பண்ணிட்டான்னு வகுப்பு முழுக்கப் பேசும்மா." பத்து நிமிடத்தில் அறை மாறியது. கிடைத்தது நூலகத்தை ஒட்டிய பழைய பதிவேட்டு அறை. பாதி அளவு, ஒரே ஜன்னல். ஆனால் நூலகத்துக்குப் போகும் பிள்ளையும் என்னிடம் வரும் பிள்ளையும் ஒரே தாழ்வாரத்தில்தான் போக வேண்டும். யார் எங்கே போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பதிவேடுகளுக்கு வேறு இடம் இல்லாததால் தலைமை ஆசிரியர் அம்மா அவற்றைத் தன் அறையிலேயே வைத்துக்கொண்டார். இப்போது அவரைப் பார்க்க வருகிறவர்கள் அலமாரிகளுக்கு நடுவே ஒருக்களித்து உட்காருகிறார்கள். அம்மா, அதற்காக ஒரு நன்றி, ஒரு மன்னிப்பு.

துப்புரவு அக்கா மூன்று நாள் தூசி தட்டினார். அதற்கு நன்றி சொன்னால் "அது என் வேலைதானே" என்பார். நான் நன்றி சொல்வது மூன்றாம் நாள் சாயங்காலத்துக்கு. பெருக்கி முடித்துக் களைத்துப்போய், பிள்ளைகளுக்காக நான் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டே நிமிடத்தில் எழுந்துவிட்டார். "இங்க உக்காந்தா முதுகுக்குப் பின்னாடி கதவு இருக்கும்மா. யாரு வராங்கன்னே தெரியல. ஒரு மாதிரி இருக்கு." படித்த படிப்பில் இது உண்டு. பயந்து வரும் குழந்தைக்கு வாசல் கண்ணில் பட வேண்டும், வழியை மறித்து நாம் உட்காரக் கூடாது, நேருக்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் உட்கார்ந்தால் அது பேசும். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவள் நான். அறையில் நாற்காலி போடும்போது மட்டும், ஜன்னல் வெளிச்சம் அழகாக விழும் மூலையாகப் பார்த்துப் போட்டிருக்கிறேன். அன்று இரவே எல்லாவற்றையும் திருப்பிப் போட்டோம்.

நாற்காலி என்றதும் தச்சர் ஐயா. பெரியவர்கள் உட்காரும் நாற்காலி தரையிலிருந்து 45 செ.மீ. வாக்கில் இருக்கும். அதில் ஆறு வயதுப் பிள்ளையை உட்கார வைத்தால் கால் தொங்கும். கால் தொங்கினால் உடம்பு நிலைகொள்ளாது, நெளியும். நாம் அதைப் பார்த்துக் கவனம் இல்லை என்போம். பள்ளி இருக்கைகளுக்கான ஐரோப்பியத் தர அளவில் தொடக்கப் பள்ளி வயதுக்குப் பொருந்தும் உயரங்கள் 31, 35, 38 செ.மீ. அந்த அட்டவணையை அச்செடுத்துப் பெருமையாக நீட்டினேன். அவர் மரியாதையாக வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இடைவேளை மணி அடித்ததும் தாழ்வாரத்தில் நின்று, ஓடி வந்த பிள்ளைகளை நிறுத்தி முழங்காலுக்குக் கீழே அளந்தார். சிலர் இரண்டு தடவை வரிசையில் வந்தார்கள். கடைசியில் அவர் அறுத்த உயரங்கள் 31, 35. அட்டவணை கடைசிவரை சட்டைப்பையைவிட்டு வெளியே வரவில்லை.

அதோடு விடவில்லை. என் நாற்காலியின் கால்களையும் அறுத்துவிட்டார், என்னைக் கேட்காமலே. "நீங்க மட்டும் ஒசரத்துல உக்காந்தா விசாரணை மாதிரி இருக்குமே." என் முழங்கால் இன்னும் அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறது. முடிவு சரிதான்.

மணல் தட்டும் அவர் கைவேலை. அது என்ன விளையாட்டுப் பெட்டி என்று பெற்றோர் சிலர் கேட்டீர்கள். லண்டனில் மார்கரெட் லோவென்ஃபெல்ட் என்ற குழந்தை மருத்துவர் 1920களின் இறுதியில் தொடங்கி வைத்த முறை இது. ஒரு தட்டில் மணல், பக்கத்தில் சின்னச் சின்ன மனிதர், விலங்கு, வீடு, வேலி. குழந்தை தானாக எதையாவது அடுக்கும். அவரிடம் வந்த பிள்ளைகளே அதற்கு 'உலகம்' என்று பெயர் வைத்தார்களாம். பின்னால் சுவிட்சர்லாந்தில் டோரா கால்ஃப் அதை வேறொரு திசையில் வளர்த்தார். தட்டு சுமார் 72 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 7 செ.மீ. ஆழம் இருக்கும், குழந்தை தலையைத் திருப்பாமலே முழுதும் பார்த்துவிடலாம். அடியில் நீல வண்ணம் பூச வேண்டும், மணலை ஒதுக்கினால் தண்ணீர் தெரிவதற்காக. தச்சர் ஐயா அந்த நீலத்தை மூன்று முறை அடித்தார். "ஒரு தடவ அடிச்சா குட்டை மாதிரி இருக்கு, ஆழமே தெரியல" என்றார். வாய்க்கு வார்த்தை வராத பிள்ளைக்கு இந்தத் தட்டு எவ்வளவு பெரிய துணை என்பதை என்னைவிட அவர் சீக்கிரம் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

அடுத்தது காவலாளி அண்ணன். இந்த அறைக்கு மிகப் பெரிய உதவி செய்தவர் இவர்தான் என்பது என் கணக்கு. அலங்காரம் எத்தனை செய்தாலும் உள்ளே பேசுவது வெளியே கேட்டால் அது ஆலோசகர் அறையே இல்லை. சோதித்துப் பார்க்கலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு, நான் உள்ளே சாதாரணக் குரலில் ஏழாம் வாய்ப்பாடு சொன்னேன். அண்ணன் வெளியே நின்றார். முடித்துக் கதவைத் திறந்தேன். "ஏழெட்டு ஐம்பத்தாறுக்கு அப்புறம் கொஞ்சம் தயங்கினீங்க" என்றார். அவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்கிறது! கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த விரலளவு சந்துதான் பாதிக் காரணம். அவரே அதற்கு ரப்பர் பட்டை அடித்தார். மறுபடி வாய்ப்பாடு. தரைக்குக் கனமான விரிப்பு வந்தது. மறுபடி வாய்ப்பாடு. நூலகச் சுவரை ஒட்டிப் புத்தக அலமாரி வந்தது. அண்ணன் காதில் எதுவும் விழாத நாளில், பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை போயிருந்தோம். அறைக்குள் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்த கடிகாரத்தையும் அவர்தான் கழற்றினார். மணிக்குப் பதில் இப்போது ஒரு மணல் கடிகாரம் இருக்கிறது.

கதவுக் கண்ணாடியைப் பற்றி ஒரு சண்டையே நடந்தது. தனிமை வேண்டும் என்று அதை முழுக்க மூடிவிடத் தாளும் பசையுமாக நின்றேன். மூத்த ஆசிரியை ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "நீங்க நல்லவங்க. இந்த நாற்காலியில அடுத்து யாரு உக்காருவாங்கன்னு தெரியாதில்ல?" என்றார். எனக்கு முகம் சுருங்கிப் போனது உண்மை. இரவு யோசித்தபோது அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க முடியவில்லை. பெரியவரும் குழந்தையும் தனியாக இருக்கும் எந்த அறையையும் வெளியிலிருந்து எட்டிப் பார்க்க வழி இருக்க வேண்டும். இப்போது கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் மட்டும் மங்கல் தாள். நின்று பார்க்கும் பெரியவருக்கு அறை தெரியும். ஓடிப் போகும் சக மாணவருக்கு உள்ளே இருப்பது யார் என்று தெரியாது.

ஓவிய ஆசிரியைக்கு என் மேல் இன்னும் கோபம் இருக்கலாம். சிரிக்கும் மிருகங்களை வரையச் சொல்லி மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் மறுத்தார். "அழுதுக்கிட்டு வர்ற புள்ளையப் பார்த்து முப்பது மிருகம் சிரிக்கணுமா?" என்பது அவர் கேள்வி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2014இல் வெளியான ஆய்வு ஒன்று எனக்கு நினைவுக்கு வந்தது. மழலை வகுப்புப் பிள்ளைகளைச் சுவர் நிறைய அலங்கரித்த அறையிலும் வெறும் சுவர் அறையிலும் மாற்றி மாற்றி உட்கார வைத்தார்கள். அலங்கார அறையில் கவனம் சிதறிய நேரம் 38.6 சதவீதம், வெறும் அறையில் 28.4. அது வகுப்பறைக்கான ஆய்வு, ஆலோசகர் அறைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் தோற்றுவிட்டேன். வெளிர் பச்சைச் சுவர், ஒரே ஒரு மரம், அதுவும் ஒரு மூலையில். மீதிச் சுவர் காலி. மரத்தில் பறவை ஏன் இல்லை என்று கேட்டேன். "வர்றவங்க வரைஞ்சு ஒட்டட்டும்" என்றார்.

முகங்கள் வரைந்த பலகை மட்டும் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். மகிழ்ச்சி, கோபம், பயம், வருத்தம் என்று எட்டு முகம். அறையைத் திறப்பதற்கு முன் சுற்றிப் பார்க்க வந்த பிள்ளைகளில் ஒருவன் அதன் முன்னால் வெகுநேரம் நின்றான். "மிஸ், எனக்கு இருக்கறது இதுல இல்லையே" என்றான். அன்றைக்கே ஒன்பதாவதாக ஒரு வெற்று வட்டமும் பக்கத்தில் எழுதுகோலும் வந்தன. (அவன் சுற்றிப் பார்க்க மட்டும் வந்தவன். என்னிடம் பேச வரும் பிள்ளைகளைப் பற்றி இந்த மடலில் ஒரு வரியும் இருக்காது, இனி எழுதும் எதிலும் இருக்காது.)

கைப்பாவைகள் தைத்துத் தந்த பாட்டிக்கு. முயல், பூனை, மான் என்று நான் பட்டியல் கொடுத்தேன். பாட்டி அதோடு வாயில் வெள்ளைப் பல் வைத்த முதலையும் ஒரு பாம்பும் சேர்த்து அனுப்பினார். "கோவம் வந்தா முயல வெச்சு என்ன பண்ணும் குழந்த?" பாட்டி, கோபத்தைக் காட்டவும் பொம்மை வேண்டும் என்பது விளையாட்டுச் சிகிச்சையில் அடிப்படைப் பாடம். பயந்துகொண்டு அதை விட்டிருந்தேன். அதேபோல் பொம்மை வீட்டுக்கு அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை என்று வந்த குடும்பத்தோடு தாத்தா, இன்னொரு அம்மா, கைக்குழந்தை, சக்கர நாற்காலிக்காரர் என்று எங்கிருந்தோ தேடிச் சேர்த்த நூலகருக்கும் நன்றி. எந்தப் பிள்ளையும் தன் வீட்டைத் தானே அமைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வகுப்பு ஆசிரியைக்கு ஒரு தனி வணக்கம். ரகசியம் பற்றி நான் பதினொரு வரியில் எழுதி வைத்திருந்ததை மூன்று வரியாக்கினார். "நீ இங்கே சொல்வதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். யாராவது உன்னைத் துன்புறுத்தினாலோ, உனக்கோ மற்றவருக்கோ அடிபடும் என்றாலோ மட்டும் உதவி கேட்பேன். அப்படிக் கேட்பதற்கு முன் உன்னிடம் சொல்வேன்." இப்போது அது கதவுக்கு உள்பக்கம், பிள்ளைகளின் கண் உயரத்தில் இருக்கிறது.

மின் பணியாளர் தம்பி, இரைந்துகொண்டிருந்த குழல்விளக்கை மாற்றி மேசை விளக்கு வைத்ததற்கு நன்றி. கரடி பொம்மை வாங்கித் தந்த பெற்றோரே, அது அறையில் பாதி இடத்தை அடைத்ததால் மழலை வகுப்புக்குக் குடிபெயர்ந்தது. அங்கே நன்றாக இருக்கிறது. மெழுகுவத்தி தந்தவர் மன்னிக்கவும். இளைப்பு உள்ள பிள்ளைகளுக்கு வாசனை ஆகாது.

ஒரு ஆலோசகருக்கு 250 மாணவர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. என் பட்டியல் அதைவிட நீளம். எல்லோரையும் நானாகத் தேடிப் போக முடியாது என்பதால் நூலக வாசலில் ஒரு கடிதப்பெட்டி இருக்கிறது. எழுதத் தெரியாதவர்கள் படம் வரைந்து போடலாம். பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

பெயர்ப்பலகை இன்னும் மாட்டவில்லை. 'ஆலோசகர்' என்றால் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. 'பேச்சு அறை' என்று எழுதினோம். பேச்சுப் போட்டிக்குப் பயிற்சி எப்போது என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். இதற்குள் அவர்களே 'மணல் ரூம்' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டதால், தமிழாசிரியர் ஐயா கோபித்துக்கொள்ளாவிட்டால் அதையே எழுதிவிடுவோம்.

வெளிர் பச்சை வண்ணம் அரை வாளி மிச்சம் இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். துளை போடும் இயந்திரம் எழுத்தர் ஐயாவிடம் பத்திரமாக இருக்கிறது. அறைக்கு வெளியே ஒரு மர ஏணி இரண்டு வாரமாக நிற்கிறது. யாருடையது என்று தெரியவில்லை. வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பள்ளி ஆலோசகர்