ராக்ஃபோர்டில் இறங்கும் குட்டி ஜெட்டுகள்

ராக்ஃபோர்ட், இல்லினாய்.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். விமான நிலைய வேலியோரம் போய் நின்று அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த உங்களுக்கு இதை விளக்குவது சுலபம்.

எங்கள் ஊர் நிலையத்தில் ஜம்போ விமானமே இறங்கக்கூடிய, சுமார் 3,000 மீட்டர் நீள ஓடுபாதை இருக்கிறது. ஆனால் அது சரக்குக்காக. யுபிஎஸ் என்ற பார்சல் நிறுவனத்தின் இரண்டாவது பெரிய விமான மையம் இதுதான். பயணிகளுக்கென்று அட்டவணைப்படி வந்துபோவது அலீஜியன்ட் என்ற ஒரே நிறுவனம், அதுவும் பெரும்பாலும் ஃபுளோரிடா, அரிசோனா போன்ற வெயில் பிரதேசங்களுக்கு. ஆகவே வாலில் வேறு நிறுவனத்தின் வண்ணம் தெரிந்தால், சிகாகோவில் ஏதோ சரியில்லை என்று பொருள்.

போன புதன்கிழமை மாலை அப்படித்தான் ஆயிற்று. கோடையில் இங்கே இடிமேகங்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நகர்வதால், சிகாகோவின் ஓஹேர் நிலையத்துக்கு வடமேற்கே சுமார் 100 கிலோமீட்டரில் உள்ள எங்கள் ஊரில் மழை முதலில் கொட்டித் தீர்த்துவிடும். அங்கே மழை பிடிக்கும் நேரத்தில் இங்கே வானம் வெளுத்திருக்கும். மின்னல் அருகில் விழும்போது தரைப் பணியாளர்கள் வெளியே நிற்கக் கூடாது என்பதால், இறங்கிய விமானங்களுக்கே நிறுத்த இடம் கிடைக்காது. பின்னால் வருபவை வானத்தில் வட்டமடிக்க வேண்டியதுதான். உங்கள் காலத்தில் அவுட்டர் சிக்னலில் வண்டிகள் காத்துக் கிடந்ததைப் போல என்று சொல்லலாம், ஆனால் இவை காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் எரிபொருளைக் குடிக்கின்றன. அது குறைந்தால் எங்கள் ஊர் போன்ற வேறு நிலையத்தில் இறங்க வேண்டியதுதான்.

சேருமிடத்தில் வானிலை மோசமாகும் என்று முன்னறிவிப்பு இருந்தால், புறப்படும் முன்பே ஒரு மாற்று நிலையத்தைக் குறித்தாக வேண்டும். சேருமிடம் வரைக்கும், அங்கிருந்து மாற்று நிலையம் வரைக்கும், அதற்கு மேல் இன்னும் 45 நிமிடம் பறப்பதற்கும் எரிபொருள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. இந்தக் கணக்கைப் போடுபவர் டிஸ்பேட்சர். உங்கள் செக்‌ஷன் கன்ட்ரோலரைப் போல எங்கோ ஓர் அறையில் அமர்ந்திருப்பவர்தான் என்றாலும், சட்டப்படி அந்தப் பயணத் திட்டத்துக்கு விமானியோடு அவரும் பொறுப்பு. ராக்ஃபோர்டோ, மேடிசனோ, மில்வாக்கியோ, பயணிகளுக்குத்தான் அது எதிர்பாராத ஊர். விமானியின் தாளில் பல நேரம் முன்பே எழுதியிருக்கும்.

இப்படி வருபவற்றில் எனக்குப் பிடித்தவை குட்டி ஜெட்டுகள். சிஆர்ஜே என்ற கனடா நாட்டு வகையில் கதவே படிக்கட்டாக இறங்கிவிடும் என்பதால், ஏணி கொண்டுவர ஆளில்லாத ஊரிலும் அதற்குக் கவலையில்லை. எஞ்சின்கள் வாலுக்கு அருகே இருந்தால் பெரும்பாலும் சிஆர்ஜே, இறக்கைக்குக் கீழே தொங்கினால் பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் 175 என்று தூரத்திலேயே சொல்லிவிடலாம். யார் ஓட்டுகிறார்கள் என்பதைத்தான் கண்ணால் அறிய முடியாது. உடலில் யுனைடெட் எக்ஸ்பிரஸ் என்றோ அமெரிக்கன் ஈகிள் என்றோ எழுதியிருக்கும். ஓட்டுவதோ பெரும்பாலும் யுனைடெட், அமெரிக்கன் என்ற அந்தப் பெரிய நிறுவனங்களிடம் ஒப்பந்தம் எடுத்த வேறொரு நிறுவனம். அதற்கு விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் பேசிக்கொள்ளும் வானொலியைக் கேட்க வேண்டும்: ‘பிரிக்யார்டு’ என்று அழைத்தால் ரிபப்ளிக், ‘லிண்ட்பெர்க்’ என்றால் கோஜெட். இங்கே அதைக் கேட்பது குற்றமில்லை.

புதன்கிழமை வந்தவற்றில் ஒன்று சிஆர்ஜே 550. எழுபது பேர் அமரக்கூடிய உடலில் 50 இருக்கைகள் மட்டுமே போட்டு, மிச்ச இடத்தில் பெட்டிகள் வைக்க அலமாரி செய்திருக்கிறார்கள். பெரிய நிறுவனத்தின் விமானிகள் தங்கள் வேலை பறிபோகாமலிருக்க, ஒப்பந்த நிறுவனங்கள் எத்தனை இருக்கை கொண்ட விமானங்களை எத்தனை ஓட்டலாம் என்று தொழிற்சங்க உடன்படிக்கையில் எல்லை வைத்திருப்பதால் பிறந்த விமானம் அது. தொழிற்சங்கக்காரரான உங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

டேங்கர் வந்து எரிபொருள் நிரப்பியது. ஓஹேர் திறந்ததும் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. எப்போதும் இவ்வளவு எளிதாக முடிவதில்லை. விமானிகளின் பணி நேரம் தீர்ந்துவிட்டால் அவர்கள் மேற்கொண்டு ஓட்ட முடியாது.

இதையெல்லாம் எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆகஸ்டில் நீங்கள் வரும்போதும் இடிமழைக் காலம்தான். விமானம் வேறு ஊரில் இறங்கினால் அம்மா பதற வேண்டாம் என்று சொல்லுங்கள். குடிநுழைவுச் சோதனை முடியாதவர்களைக் கண்ட இடத்தில் இறக்கிவிட மாட்டார்கள் என்பதால், பெரும்பாலும் உள்ளேயே காத்திருந்துவிட்டுச் சிகாகோவுக்கே வருவீர்கள். உள்நாட்டு விமானத்தில் 3 மணி நேரத்துக்கு மேலும், பன்னாட்டு விமானத்தில் 4 மணி நேரத்துக்கு மேலும் பயணிகளைத் தரையில் அடைத்து வைப்பதற்கு இங்கே பொதுவாகத் தடை உண்டு. ஆனால் அந்த 4 மணி நேரமும் நீண்டதுதான். அம்மாவின் சர்க்கரை மாத்திரைகளையும் கொஞ்சம் தின்பண்டத்தையும் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்பு மகள்,
கயல்விழி